மிதித்தால் சாகாத புழு: விக்லரும் ‘நிலை’ என்னும் கருத்தும்

மாரியோ கேம்களைத் தொட்டவர்கள் முதலில் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: எதிரி வந்தால் அதன் தலைமேல் குதி. கூம்பா நசுங்கிப்போகும், ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கும். 1990-ல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தின் ‘சூப்பர் ஃபேமிகாம்’ கேம் கருவியோடு சேர்ந்து வெளிவந்த ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’ கேமில் ‘ஃபாரஸ்ட் ஆஃப் இல்யூஷன்’ என்ற காட்டுக்குள் நுழையும்வரை இந்தப் பாடம் பெரும்பாலும் கைகொடுக்கும். அந்தக் காட்டில் தலையில் பூ வைத்த மஞ்சள் புழு ஒன்று நிதானமாக ஊர்ந்து வருகிறது. அதன் பெயர் விக்லர். பழக்கதோஷத்தில் அதன்மேல் குதித்தால் அது சாவதில்லை. பூ உதிர்கிறது, உடம்பு சிவக்கிறது, வேகம் பிடித்து உங்களை நோக்கி ஓடிவர ஆரம்பிக்கிறது. அதன்பிறகு எத்தனை முறை மிதித்தாலும் நீங்கள் எம்பிக் குதிப்பீர்களே தவிர, அதற்கு ஒன்றும் ஆகாது.

கேம் உருவாக்கப் பழகுகிறவர்களுக்கு இந்தப் புழுவைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. ‘நிலை’ என்ற கருத்தை அது முழுசாகக் காட்டுகிறது. நிலை என்றால், ஒரு பாத்திரம் இந்தக் கணத்தில் எந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது என்பது. அமைதியான விக்லருக்கு ஒரு விதித்தொகுப்பு, கோபமான விக்லருக்கு வேறொன்று. மிதிப்பது என்பது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவைக்கும் நிகழ்ச்சி, அவ்வளவுதான். அடி என்றால் உயிரைக் குறைப்பது என்றே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. விக்லர் வாங்கும் அடி அதன் உயிரைக் குறைப்பதில்லை, அதன் நடத்தையை மாற்றுகிறது.

இந்த எண்ணம் நின்டெண்டோவுக்கு 1990-ல் திடீரென்று வந்ததல்ல. 1983-ல் வந்த ‘மாரியோ பிரதர்ஸ்’ ஆர்கேட் கேமிலேயே ஒரு நண்டு உண்டு. கீழிருந்து தரையை முட்டினால் அது முதல் அடிக்குக் கவிழாது. கோபித்துக்கொண்டு வேகமாக ஓடும், இரண்டாவது அடிக்குத்தான் மல்லாக்க விழும். அதே கேமில் துள்ளித் துள்ளிப் போகும் ஈ ஒன்றும் உண்டு. அதன் கால் தரையில் படும் நேரத்தில் முட்டினால்தான் அடி விழும், காற்றில் இருக்கும்போது முட்டினால் வீண். நண்டு தன் நிலையை உங்கள் அடியால் மாற்றிக்கொள்கிறது, ஈ தானாகவே இரண்டு நிலைகளுக்கு நடுவே மாறிக்கொண்டிருக்கிறது. இரண்டு வகைகளும் அப்போதே தயாராக இருந்தன.

மற்ற கேம் வரிசைகளின் பூச்சிகளோடு வைத்துப் பார்த்தால் விக்லரின் தனித்தன்மை இன்னும் துலங்கும். 1991-ல் வந்த முதல் ‘சோனிக்’ கேமின் கிரீன் ஹில் பகுதியில் வண்டு வடிவ ரோபோ ஒன்று சக்கரத்தில் உருண்டு வரும். ஒரு தட்டு தட்டினால் உடைந்து, உள்ளே அடைபட்டிருந்த சிறு விலங்கு வெளியே வரும். வேகமாக ஓடுவதே ஆட்டமாக இருக்கும் கேமில் எதிரி அப்படி ஒரே தட்டில் விலகுவதுதான் சரி. 1994-ல் ரேர் நிறுவனம் செய்த ‘டாங்கி காங் கன்ட்ரி’யின் ஜிங்கர் குளவி நேரெதிர். உடம்பெல்லாம் முள். மேலே குதித்தால் அடி உங்களுக்குத்தான். பீப்பாயை எடுத்து எறிந்து அதை வீழ்த்தலாம். பார்த்தவுடனே முள் தெரிவதால் யாரும் அதைத் தெரியாமல் மிதிப்பதில்லை. விக்லரிடம் முள் இல்லை. சிரித்த முகம், உருண்டை உடம்பு, பூ. மிதிக்கலாம் என்றுதான் அந்த உருவம் சொல்கிறது, உண்மையிலேயே மிதிக்கவும் முடிகிறது. அதன் விளைவு என்ன என்பதைத்தான் மிதித்தபிறகு தெரிந்துகொள்கிறோம். அதுவும் ஒரே பார்வையில் தெரிகிறது: நிறம், முகம், பூ மூன்றும் சேர்ந்தாற்போல் மாறுகின்றன. நிலை மாறியதை ஆட்டக்காரர் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற விதியை இதைவிடச் சுத்தமாகச் செய்துகாட்டிய எதிரி அந்தக் காலத்துக் கேம்களில் மிகக் குறைவு.

விளையாடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டியது

‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’டில் தரையில் கால் படாமல் தொடர்ந்து எதிரிகளை மிதித்தால் மதிப்பெண் 200, 400, 800, 1000, 2000, 4000, 8000 என்று ஏறி, அடுத்த மிதிக்கு ஓர் உயிர் கிடைக்கும். மற்ற எதிரிகளில் பல ஒரே மிதியில் காலியாகிவிடுவதால் அந்த வரிசையை முடிக்க ஏழெட்டு எதிரிகள் பக்கத்து பக்கத்தில் வேண்டும். விக்லர் சாகாது என்பதால் ஒரே புழுவின் முதுகில் தொடர்ந்து குதித்துக்கொண்டே உயிர் சேர்க்கலாம். அது அவ்வப்போது உங்கள் பக்கம் திரும்பி ஓடிவருவதுகூட உங்களுக்கு உதவிதான், தேடிப்போக வேண்டியதில்லை. நட்சத்திரம் எடுத்திருந்தால் மட்டும் தொட்டாலே விக்லர் விழுந்துவிடும். அந்தக் கேமில் கோபம் தணிவதும் இல்லை.

அடிபடுவது பெரும்பாலும் தாண்டும்போதுதான். விக்லர் நீளமான எதிரி. கூம்பாவைத் தாண்டும் கணக்கு இதற்கு உதவாது. அது உங்களை நோக்கி வரும்போது நீங்களும் அதை நோக்கி ஓடித் தாண்டுவதுதான் எளிது. இருவரின் வேகமும் கூடி, புழு சீக்கிரம் கால்களுக்குக் கீழே கடந்துபோய்விடும். அது போகும் திசையிலேயே நீங்களும் ஓடித் தாண்டினால் முதுகிலேயேதான் வந்து இறங்குவீர்கள். ஏன் என்பதைக் கீழே எண்களோடு பார்க்கலாம்.

நாமே ஒன்று செய்வது எப்படி

கோடோ (Godot), யூனிட்டி, ஸ்க்ராட்ச் என்று கேம் உருவாக்கும் மென்பொருள் எதில் செய்தாலும் சிந்தனை ஒன்றே. இங்கே தரும் எண்கள் நின்டெண்டோவின் எண்கள் அல்ல, புதிதாகத் தொடங்குகிறவர் வைத்துப் பார்த்துப் பிறகு மாற்றிக்கொள்ள ஏற்றவை. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புதுப்பித்தலும் ஒரு ஃபிரேம். ஒரு கட்டம் 16 பிக்சல். ஆட்டக்காரர் ஃபிரேமுக்கு 2 பிக்சல் ஓடுகிறார். குதித்தால் 64 பிக்சல் உயரம் போய் 40 ஃபிரேமில் தரைக்கு வருகிறார். புழுவுக்குத் தலையோடு சேர்த்து ஐந்து உருண்டைகள். ஒவ்வொன்றும் 16 பிக்சல் அகலம், அடுத்தடுத்த உருண்டைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 12 பிக்சல். மொத்த நீளம் 64 பிக்சல். அமைதியான வேகம் ஃபிரேமுக்கு 0.5 பிக்சல், கோபமான வேகம் 2 பிக்சல்.

முதலில் நிலைகளை எழுதிவிடுங்கள். அமைதி, அதிர்ச்சி, கோபம், வீழ்ச்சி என நான்கு போதும். இவற்றை ஒரே மாறியில் (நிரல் ஒரு மதிப்பைச் சேமித்துவைக்கும் இடம்) வையுங்கள். புதியவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். ‘கோபமா?’, ‘நிற்கிறதா?’, ‘விழுந்துவிட்டதா?’ என்று மூன்று ஆம்-இல்லை மாறிகளை வைத்தால் எட்டுச் சேர்க்கைகள் வரும். அவற்றில் கோபமாகவும் விழுந்தும் இருக்கும் புழு, நின்றபடியே விழுந்துகொண்டிருக்கும் புழு என்று அர்த்தமே இல்லாதவை பாதி. ஏதோ ஓர் இடத்தில் ஒரு மாறியை அணைக்க மறந்தால் செத்த புழு எழுந்து ஓடிவரும். ஒரே மாறி நான்கு மதிப்புகளில் ஒன்றைத்தான் ஏற்கும் என்றால் அந்தப் பிழைக்கு இடமே இல்லை.

ஒவ்வொரு நிலைக்கும் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: உள்ளே நுழையும்போது என்ன செய்ய வேண்டும், உள்ளே இருக்கும்வரை ஒவ்வொரு ஃபிரேமும் என்ன செய்ய வேண்டும், எது நடந்தால் வெளியேற வேண்டும். அமைதியில் நுழையும்போது மஞ்சள் நிறம், 0.5 வேகம். இருக்கும்போது நேராக நடை, சுவர் வந்தால் திரும்பு. மிதி விழுந்தால் அதிர்ச்சிக்குப் போ. அதிர்ச்சியில் நுழையும்போது வேகம் பூஜ்யம், பூ உதிரட்டும், 40 ஃபிரேம் கடிகாரம் ஓடட்டும். கடிகாரம் தீர்ந்தால் கோபம். கோபத்தில் நுழையும்போது சிவப்பு, 2 பிக்சல் வேகம். பூவை உதிரவைக்கும் வேலையை ‘நுழையும்போது’ என்ற பகுதியில் வைக்காமல் ‘ஒவ்வொரு ஃபிரேமும்’ என்ற பகுதியில் வைத்துவிட்டால் 40 பூக்கள் கொட்டும். சிரமமில்லாமல் கண்டுபிடிக்கக்கூடிய பிழைதான், ஆனால் எல்லாரும் ஒருமுறையாவது செய்வது.

அதிர்ச்சி நிலை எதற்கு, நேரே கோபத்துக்குத் தாவினால் என்ன? தாவினால் ஆட்டக்காரர் மேலே எம்பி இறங்குவதற்குள் புழு வேகம் பிடித்துவிடும், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கவே நேரம் இருக்காது. கண்ணால் பார்த்து விரலால் பட்டனை அழுத்த மனிதருக்குக் கால் நொடி ஆகும் என்று வைத்தால் அதுவே 15 ஃபிரேம். மிதித்ததும் ஆட்டக்காரரை ஃபிரேமுக்கு 5 பிக்சல் வேகத்தில் மேலே எறிந்தால், மேலே சொன்ன குதிப்பிலிருந்து வரும் ஈர்ப்பின்படி (ஒவ்வொரு ஃபிரேமும் வேகம் 0.32 பிக்சல் குறையும்) அவர் ஏறக்குறைய 31 ஃபிரேம் காற்றில் இருப்பார். 40 ஃபிரேம் அதிர்ச்சி என்றால் அவர் இறங்கிக் காலூன்றி ஒரு திசையைத் தேர்ந்தெடுக்க ஒன்பது ஃபிரேம் மிச்சம். கடினமான லெவலில் இதை 32 வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் அநியாயம்.

அதிர்ச்சியில் இருக்கும் புழுவைப் பக்கவாட்டில் தொட்டால் அடி விழக் கூடாது. நேராக மேலே எம்பியவர் அதே இடத்தில்தான் இறங்குவார், அப்போது அடி வாங்கினால் சரியாக மிதித்ததற்கே தண்டனை கொடுத்ததாகும். அந்த நேரத்தில் மறுபடி மிதித்தால் எம்பட்டும், ஆனால் கடிகாரம் மீண்டும் 40-லிருந்து தொடங்கக் கூடாது. தொடங்கினால் 31 ஃபிரேமுக்கு ஒருமுறை மிதித்துக்கொண்டே புழுவைக் காலம் முழுக்க அதிர்ச்சியிலேயே உறையவைத்துவிடலாம். கோபம் என்ற நிலை வரவே வராது.

உடம்பு தலையைப் பின்தொடர்வது

விக்லரைச் செய்வதில் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. ஐந்து உருண்டைகளையும் தனித்தனி எதிரிகளாக நடக்கவைத்தால் முதல் படிக்கட்டிலேயே புழு சிதறிவிடும். சரியான வழி, தலை மட்டும் நடப்பது. தலை தான் கடந்த இடங்களை ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டே போகும். பின்னால் வரும் உருண்டைகளுக்கு மூளையே கிடையாது; பட்டியலில் தமக்குரிய பழைய இடத்தை எடுத்து அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கோயில் தேரின் வடம் போன வழியிலேயே சக்கரமும் போவதைப்போல, தலை ஏறிய மேட்டில் உடம்பும் ஏறும், தலை விழுந்த பள்ளத்தில் உடம்பும் வழிந்து இறங்கும். விளிம்பிலிருந்து விழும்போது புழு உயிருள்ளதுபோல் வளைந்து தெரிவது இதனால்தான். அதற்கென்று தனியாக ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை.

பட்டியலை எப்படி எழுதுவது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஃபிரேமுக்கு ஒரு பதிவு என்பது முதல் வழி. அமைதியான வேகம் 0.5 பிக்சல், இடைவெளி 12 பிக்சல் என்பதால் ஒவ்வொரு உருண்டையும் தனக்கு முன்னால் இருப்பதைவிட 24 ஃபிரேம் பழைய பதிவை எடுக்க வேண்டும். நான்கு உருண்டைகளுக்கு 96. பட்டியலில் 128 இடம் வைத்து, முடிவுக்கு வந்ததும் முதலிலிருந்து மேலெழுதினால் போதும். அமைதியான புழுவுக்கு இது அழகாக வேலை செய்யும்.

மிதித்தவுடன் மூன்று கோளாறுகள் அடுத்தடுத்து வரும். அதிர்ச்சியில் தலை நிற்கிறது, பட்டியலோ ஃபிரேமுக்கு ஒன்றாக அதே இடத்தையே எழுதிக்கொண்டிருக்கிறது. 24-ஆவது ஃபிரேமில் முதல் உருண்டை தலைக்குள் புகுந்துவிடும், மற்றவை அதன் பின்னே நெருக்கிக்கொண்டு வரும். 40 ஃபிரேமில் புழு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும். தலை நகராதபோது பதிவு செய்யாதே என்று ஒரு நிபந்தனை போட்டால் இது சரியாகும். அடுத்து கோபம். வேகம் 2 பிக்சல் ஆனதும் 24 ஃபிரேம் என்பது 48 பிக்சல் தூரம். உருண்டைகள் மூன்று கட்ட இடைவெளியில் பிய்ந்துபோய் ஓடும். சரி, கோபத்தில் 24-ஐ 6 ஆக்கிவிடலாம் என்று மாற்றுவீர்கள். மாற்றிய அந்த ஃபிரேமில் பட்டியலில் இருப்பதெல்லாம் மெதுவாக நடந்தபோது எழுதிய பதிவுகள். ஆறு பதிவு பின்னால் போனால் 3 பிக்சல்தான் வரும். புழு சட்டென்று ஒரு கட்டியாகச் சுருங்கி, பிறகு நீளும்.

இந்த மூன்றும் ஒரே காரணத்தால் வருகின்றன: நேரத்தை அளந்துகொண்டு தூரத்தை எதிர்பார்க்கிறோம். ஆகவே இரண்டாவது வழிக்கே போய்விடுங்கள். தலை ஒரு பிக்சல் தூரம் நகரும்போதெல்லாம் ஒரு பதிவு. உருண்டைகள் முறையே 12, 24, 36, 48 பதிவு பின்னால். எந்த வேகத்திலும் இடைவெளி மாறாது, நின்றால் பதிவும் நிற்கும். பட்டியலில் 64 இடம் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு ஃபிரேமில் தலை 2 பிக்சல் நகர்ந்தால் நடுவில் இருக்கும் புள்ளியையும் சேர்த்து இரண்டு பதிவு எழுத வேண்டும். விளிம்பிலிருந்து விழும்போது ஃபிரேமுக்கு 6 பிக்சல் விழுந்தால் ஆறு பதிவு. இதை மறந்தால் நடக்கும்போது ஒழுங்காக இருக்கும் புழு, விழும்போது மட்டும் ரப்பர்போல நீளும்.

ஒவ்வொரு பதிவிலும் இடத்தோடு முகம் பார்த்த திசையையும் எழுதிவையுங்கள். இல்லையென்றால் சுவரில் முட்டித் திரும்பும்போது ஐந்து உருண்டைகளும் ஒரே ஃபிரேமில் திரும்பிப் பார்க்கும். திசையும் பதிவில் இருந்தால் தலை திரும்பிய இடத்துக்கு வந்துசேர்ந்த பிறகே ஒவ்வொரு உருண்டையும் திரும்பும். திரும்பும் தலை தன் உடம்பின்மேலேயே நடந்து வரும், அதில் தவறில்லை. வாலை முதலிலும் தலையைக் கடைசியிலும் வரைந்தால் தலை எப்போதும் முன்னால் தெரியும்.

புழு தோன்றும் கணத்தில் பட்டியல் காலியாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். காலியான பதிவு பொதுவாகப் பூஜ்யம், பூஜ்யம் என்ற இடத்தைக் காட்டும். அதாவது லெவலின் மேல் இடது மூலை. தலை சரியான இடத்திலும் உடம்பு அந்த மூலையிலுமாகப் புழு பிறக்கும். தோன்றியவுடனே தலைக்குப் பின்னால் ஒரு பிக்சலுக்கு ஒன்றாக 64 பதிவுகளையும் நாமே நிரப்பிவிட வேண்டும். நிரப்பும் பக்கத்தில் சுவர் இல்லாமல் பார்த்துக்கொள்வது லெவல் வடிவமைப்பவரின் பொறுப்பு.

மேடும் தாழ்வுமாக நெளியும் அசைவை வெறும் படமாக வையுங்கள். உருண்டை ஒவ்வொன்றையும் 2 பிக்சல்வரை ஏற்றி இறக்கி, அடுத்த உருண்டைக்குச் சற்றுத் தாமதமாக அதையே செய்தால் அலை ஓடும். அந்த ஏற்ற இறக்கத்தை மோதல் பெட்டியில் (மோதலைக் கணக்கிட உருவத்தைச் சுற்றி வைக்கும், கண்ணுக்குத் தெரியாத பெட்டி) சேர்த்துவிட்டால் ஒரே உயரத்திலிருந்து குதிப்பவருக்கு ஒரு சமயம் மிதியும் ஒரு சமயம் அடியும் விழும். காரணம் அவருக்குப் புரியவே புரியாது.

மிதியா, மோதலா?

ஆட்டக்காரரின் பெட்டி புழுவின் ஏதாவதோர் உருண்டையைத் தொடுகிறது. இது மிதியா, அடியா? ‘கீழ்நோக்கி விழுந்துகொண்டிருந்தால் மிதி’ என்று மட்டும் வைத்தால், பக்கத்தில் இருக்கும் மேடையிலிருந்து இறங்கிவந்து புழுவின் விலாவில் உரசுவதும் மிதியாகிவிடும். ‘கால் உருண்டையின் நடுவுக்கு மேலே இருந்தால் மிதி’ என்று வைத்தால், வேகமாக விழுபவருக்கு அநியாயம். ஃபிரேமுக்கு 6 பிக்சல் விழுபவரின் கால் தொட்ட அந்த ஃபிரேமிலேயே உருண்டைக்குள் ஆழமாகப் போயிருக்கக்கூடும். உருண்டையின் பாதி உயரமே 8 பிக்சல்தான். நம்பகமான வழி, முந்தைய ஃபிரேமில் கால் எங்கே இருந்தது என்று கேட்பது. முந்தைய ஃபிரேமில் கால் உருண்டையின் உச்சிக்கு மேலே இருந்து, இப்போது கீழ்நோக்கி வருகிறது என்றால் மிதி. ஆட்டக்காரருக்குச் சாதகமாக 4 பிக்சல் விட்டுக்கொடுங்கள்.

நீளமான எதிரிக்கு மட்டுமே வரும் ஒரு பிரச்சினை உண்டு. 12 பிக்சலுக்கு ஒன்றாக 16 பிக்சல் உருண்டைகள் என்பதால் எங்கே இறங்கினாலும் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று உருண்டைகளில் கால் படும். ஒவ்வொரு உருண்டையும் தனியாக ‘என்னை மிதித்துவிட்டார்கள்’ என்று சொன்னால் ஒரு குதிக்கு மூன்று மிதி கணக்காகும், மதிப்பெண் எகிறும். இன்னும் மோசம், முதல் உருண்டை மிதி என்று சொல்லி ஆட்டக்காரரை மேலே எறிந்ததும், அடுத்த உருண்டை ‘இவர் இப்போது மேல்நோக்கிப் போகிறார், ஆகவே இது மிதி அல்ல’ என்று முடிவு செய்து அடி கொடுத்துவிடும். உருண்டைகள் முடிவெடுக்கக் கூடாது. தொட்டவற்றையெல்லாம் சேர்த்து, அவற்றில் ஒன்றாவது மிதியாக இருந்தால் மொத்தமும் மிதி என்று புழு ஒரே முடிவு எடுக்க வேண்டும். அதன்பின் 10 ஃபிரேம் எந்த மோதலையும் கண்டுகொள்ள வேண்டாம்.

கோபத்தின் திசை

கோபமான விக்லர் ஆட்டக்காரர் பக்கம் திரும்ப வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமும் ‘அவர் எந்தப் பக்கம்?’ என்று பார்த்தால், அவர் நேர் மேலே குதிக்கும்போது புழு இடமும் வலமுமாக நடுங்கும். தாண்டிய உடனே திரும்பிவிடுவதால் தாண்டுவதற்கே பயனில்லாமல் போகும். 48 ஃபிரேமுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தாண்டியவருக்கு அதிகபட்சம் 0.8 நொடி ஓட நேரம் கிடைக்கும், புழுவும் தன் வேகத்தைத் தானே அடக்க முடியாத பிராணிபோலத் தெரியும்.

இப்போது தாண்டும் கணக்கு. 64 பிக்சல் உயரம் குதிப்பவரின் கால், புழுவின் 16 பிக்சல் உயரத்துக்கு மேலே இருப்பது 40 ஃபிரேமில் ஏறக்குறைய 34 ஃபிரேம்தான். புழுவின் நீளம் 64, ஆட்டக்காரரின் அகலம் 16, ஆக 34 ஃபிரேமுக்குள் 80 பிக்சல் கடக்க வேண்டும். கோபமான புழு எதிரே வர, நீங்களும் ஓடினால் ஃபிரேமுக்கு 4 பிக்சல், மொத்தம் 136. தாராளம். நின்ற இடத்திலேயே எம்பினால் புழுவின் வேகம் மட்டும், 68. வாலில் கால் படும். அமைதியான புழு எதிரே வந்தால் 85, மயிரிழையில் தப்பலாம். அதைப் பின்னாலிருந்து முந்தப் பார்த்தால் 51, கட்டாயம் முதுகில்தான் இறங்குவீர்கள். கோபமான புழு போகும் திசையிலேயே ஓடித் தாண்டுவது இயலாத காரியம், இருவர் வேகமும் ஒன்று. உருண்டைகளின் எண்ணிக்கையை ஆறாக்கினால் 92 பிக்சல் வேண்டும், அமைதியான புழுவையும் தாண்ட முடியாது. ஆகவே நீளத்தை மாற்றும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப்பாருங்கள். மேலே கூரை தாழ்வாக இருக்கும் இடத்தில் கோபக்காரப் புழுவை விடுவதும் இதே காரணத்தால் கூடாது. கூரை முட்டினால் அந்த 34 ஃபிரேம் கிடைக்காது.

விளிம்பு வந்தால் என்ன செய்வது என்பதற்கு 1985-ன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கேமிலேயே வழி இருக்கிறது. பச்சை ஆமை விளிம்பைக் கவனிக்காமல் விழும், சிவப்பு ஆமை திரும்பிவிடும். நம் புழுவில் இரண்டையும் நிலைக்கு ஒன்றாக வைக்கலாம்: அமைதியாக இருக்கும்போது விளிம்பில் திரும்பட்டும், கோபத்தில் கண்மண் தெரியாமல் ஓடி விழட்டும். கோபப்படுத்துவதால் ஆபத்து மட்டுமல்லாமல் ஒரு பலனும் உண்டு என்று ஆகிவிடுகிறது; மிதித்துக் கோபமூட்டிப் பள்ளத்தில் தள்ளுவது ஓர் உத்தியாக மாறும். நிலைகள் நிறத்திலும் வேகத்திலும் மட்டும் வேறுபட்டால் அந்த எதிரி சீக்கிரம் சலித்துவிடும்.

பின்னர் வந்த விக்லர்கள்

1996-ன் ‘சூப்பர் மாரியோ 64’ இந்தப் புழுவை ஒரு பாஸ், அதாவது தனியாகச் சண்டையிட்டு வெல்ல வேண்டிய பெரிய எதிரி, ஆக்கியது. 13-ஆவது உலகமான ‘டைனி ஹியூஜ் ஐலண்ட்’ மலைக்குள் அதன் வீடு இருக்கிறது. தீவு சிறியதாகத் தெரியும் பக்கத்தில் நின்று மலை உச்சிக் குளத்தில் எம்பி ஓங்கி இடித்து இறங்கினால் ஓட்டை விழுந்து தண்ணீர் உள்ளே வடியும். பிறகு தீவு பெரியதாக இருக்கும் பக்கத்துக்கு மாறி அந்த ஓட்டை வழியே இறங்கினால், வீட்டில் வெள்ளம் புகுந்த ஆத்திரத்தில் விக்லர் காத்திருக்கும். மூன்று மிதி, ஒவ்வொன்றுக்கும் வேகம் கூடும். மூன்றாவதில் சுருங்கிச் சின்னப் புழுவாகி ஓடிப்போகும், நட்சத்திரம் கிடைக்கும். நம் நான்கு நிலைகளோடு ஓர் எண்ணிக்கையைச் சேர்த்தால் இந்த பாஸ் வந்துவிடும்: கோபத்தில் மிதிபட்டால் எண்ணிக்கையைக் கூட்டி மறுபடி அதிர்ச்சிக்குப் போ, மூன்றானால் வீழ்ச்சிக்குப் போ, எண்ணிக்கை கூடக்கூட வேகத்தையும் கூட்டு. 2002-ன் ‘சூப்பர் மாரியோ சன்ஷைன்’ கடற்கரையில் ஓடும் விக்லரை முதலில் கவிழ்க்க வேண்டியிருந்தது. மணலில் இருக்கும் மொட்டுகளில் தண்ணீர் பீய்ச்சினால் மணல் மேடாக எழும்பிப் புழுவைப் புரட்டும், அப்போதுதான் அடிக்க முடியும். அங்கே ‘கவிழ்ந்தது’ என்று ஒரு நிலை கூடுதல்.

‘மாரியோ கார்ட் வீ’யின் ‘மேப்பிள் ட்ரீவே’ ஓடுபாதையில் அது வெறும் தடை, ‘மாரியோ கார்ட் 7’-ல் நீங்களே ஓட்டலாம், 2023-ன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்’ அதனோடு ஓட்டப்பந்தயம் வைக்கிறது. படிக்க வேண்டியவருக்குப் பயன்படுவது 2015-ன் ‘சூப்பர் மாரியோ மேக்கர்’தான். அதில் விக்லரைப் பிடித்து உலுக்கினால் தொடக்கத்திலேயே கோபமான விக்லராக மாறிவிடும். ஒரே பாத்திரத்தை எந்த நிலையில் தொடங்கவைப்பது என்பதையும் லெவல் வடிவமைப்பவர் தேர்ந்தெடுக்கலாம் என்று அது காட்டுகிறது. உங்கள் நிரலிலும் தொடக்க நிலையை வெளியே இருந்து கொடுக்க வழி வையுங்கள். சோதிக்கும்போது ஒவ்வொரு தடவையும் மிதித்துக் கோபப்படுத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனை. பெரும்பாலான கேம் நிரல்களில் திரைக்கு வெளியே போன எதிரியை அழித்துவிடும் வழக்கம் உண்டு. அதைத் தலையின் இடத்தை மட்டும் வைத்துத் தீர்மானித்தால், தலை திரையைத் தாண்டிய கணத்தில் இன்னும் திரைக்குள் இருக்கும் நான்கு உருண்டைகளும் மாயமாகிவிடும். ஆட்டக்காரர் அந்த நேரம் வாலின்மேல் எம்பிக்கொண்டிருந்தால் பள்ளத்தில் விழுவார். புழுவை ஓடவிட்டு, திரையின் இரண்டு ஓரத்திலும் வாலின்மேல் நின்று குதித்துப் பாருங்கள். கடைசி உருண்டையும் வெளியே போனபிறகே அழிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.